அந்தக் காலத்து மளிகைப் பொட்டலத்தை எப்படிக் கட்டினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

மாம்பலத்தான்:

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உப்புமா சாப்பிட்ட நாலு பேரும் ஒரே மாதிரி முகத்தைச் சுளித்தோம். ரவையில் சலவை சோப்பு வாசனை. முந்தின நாள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண் ஒவ்வொன்றாக அடித்து இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்க, பின்னால் நின்றவர் உச்சுக் கொட்ட ஆரம்பித்ததும் நான் பயந்துபோய்க் கையில் கிடைத்ததையெல்லாம் ஒரே கட்டைப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன். ரவை பாக்கெட்டின் ஓரத்தில் சின்ன ஓட்டை இருந்திருக்கிறது. அதன் பக்கத்திலேயே சோப்புக்கட்டி ராத்திரி முழுக்கக் கிடந்திருக்கிறது. தப்பு என் மேல்தான், சரி. ஆனால் முன்பெல்லாம் சாமானை அடுக்கித் தருவது கடைக்காரர் வேலையாக இருந்தது, அது எப்போது நம் தலையில் வந்து விழுந்தது என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

நான் சின்னப் பையனாக இருந்தபோது, 80களின் கடைசியில், திண்டிவனம் பக்கத்தில் அப்பா சிட்டையைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் மாதச் சாமான் முழுக்கப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, இரண்டு துணிப் பையில் அடுக்கி, சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டத் தயாராக இருக்கும். எட்டு கிலோமீட்டர் மண் ரோட்டில் வந்தும் ஒரு பொட்டலம் அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. எப்படிச் செய்தார்கள்? வீம்புக்கு நேற்று நானே அரைக் கிலோ துவரம்பருப்பைப் பேப்பரில் கட்டிப் பார்த்தேன். கையில் தூக்கிய மறுநொடி அடுப்படி முழுக்கப் பருப்பு. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, துடைப்பத்தை மட்டும் எடுத்து நீட்டினாள்.

கடையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள். பையில் எதை அடியில் வைப்பார்கள், எதை மேலே வைப்பார்கள் என்பதும் வேண்டும்.

கீழமாசி வீதிக்காரன்:

தம்பி, நீங்கள் பேப்பரைத் தரையில் விரித்து வைத்து மடித்திருப்பீர்கள். அங்கேதான் கோளாறு. பொட்டலம் தராசுத் தட்டிலேயே உருவாக வேண்டும்.

நான் 1974இல் இருந்து 81 வரை மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தவன். (எங்கள் பக்கம் பலசரக்குதான், மளிகை என்பது உங்கள் மெட்ராஸ் பேச்சு.) முதல் ஆறு மாதம் என்னைப் பொட்டலத்தைத் தொடவே விடவில்லை. பேப்பர் கிழிப்பது மட்டும்தான் வேலை. பழைய பேப்பர் எடைக்கு வரும், அதை மடித்து மடித்துக் கத்தியால் கீறி முழுத்தாள், அரைத்தாள், கால்தாள் என்று தனித்தனிக் கட்டாக வைக்க வேண்டும். எந்தச் சரக்குக்கு எந்தத் தாள் என்பது கைக்குத் தெரிந்தால்தான் அடுத்த படி.

நூறு கிராம் வரைக்கும் கூம்பு. கால்தாளின் ஒரு மூலையை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, வலது கையால் தாளைச் சுற்றிச் சுருட்டினால் கூம்பு வந்துவிடும். கீழ்முனையை ஒரு முறுக்கு முறுக்கி மேலே மடக்கிவிட வேண்டும், கடுகும் கசகசாவும் தப்பித்துப் போகிற வழி அதுதான். முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. மிச்சமுள்ள தாளை இரண்டு பக்கமும் உள்ளே அமுக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் காதை மடித்துச் செருகினால் நூல்கூட வேண்டாம்.

அரைக் கிலோ, ஒரு கிலோ வேறு கதை. முழுத்தாளைத் தட்டில் விரித்து அதன் நடுவில் சரக்கைக் கொட்டி நிறுக்க வேண்டும். எடைக்கல் இருக்கும் தட்டிலும் அதே அளவு தாள் ஒன்றைப் போடச் சொல்வார் எங்கள் முதலாளி. எல்லாக் கடையிலும் அப்படி இல்லை, தாளையும் பருப்பு விலைக்கு விற்ற புண்ணியவான்கள் உண்டு. நிறுத்த பிறகு எதிரெதிர் விளிம்பு இரண்டையும் மேலே தூக்கிச் சேர்த்துப் பிடித்து, ஒன்றாகச் சுருட்டிக்கொண்டே கீழே வந்து பருப்பின் மேல் இறுக்கமாகப் படிய வைக்க வேண்டும். உள்ளே காற்று நின்றால் பொட்டலம் தொளதொள என்று ஆகிவிடும், நீங்கள் தூக்கியதும் கொட்டியது அதனால்தான். அப்புறம் ஒரு பக்க வாயை மட்டும் முக்கோணமாக மடக்கி, அந்தப் பக்கத்தைப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்துங்கள். சரக்கு கீழே இறங்கி மேலே இடம் விடும். அந்த இடத்தை நம்பித்தான் மறுபக்க வாயை மடக்குவது. இரண்டு வாயையும் ஒரே நேரத்தில் மடக்கப் பார்ப்பவன் புதுப் பையன்.

நூல்கண்டு தலைக்கு மேல் இருக்கும். அடியில் ஓட்டை போட்ட பால் பவுடர் டப்பாவுக்குள் கண்டைப் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டிருப்போம், நுனி மட்டும் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருக்கும். நீளவாக்கில் ஒரு சுற்று, பொட்டலத்தைத் திருப்பி அகலவாக்கில் ஒரு சுற்று, இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சுருக்கு. கத்தரியெல்லாம் கிடையாது. நூலை அதன் மேலேயே ஒரு வளையமாகப் போட்டு வெடுக்கென்று இழுத்தால் நூலை நூலே அறுத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு வித்தை மாதிரி இருக்கும், பழக ஒரு வாரம் போதும், விரல்தான் கொஞ்சம் அறுபடும்.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி கட்ட முடியாது. சீனிக்கு இரட்டைத் தாள். பெருங்காயம், ஏலக்காய்க்குத் தினசரி காலண்டர் தாள். புளியைப் பேப்பரில் கட்டினால் வீட்டில் போய்ப் பேப்பரோடு சேர்த்துத்தான் கரைக்க வேண்டியிருக்கும், அதனால் ஓலைக் கொட்டான். கல் உப்பு மழைக்காலத்தில் தண்ணீர் விடும், பக்கத்தில் இருப்பதையும் நனைத்துவிடும், அதற்குத் தனிப் பை அவர்களே கொண்டுவர வேண்டும். எண்ணெய்க்குத் தூக்குச்சட்டி அவரவர் வீட்டிலிருந்து.

அடுக்குவதைக் கேட்டீர்களே. அரிசியும் வெல்லமும் அடியில், அதற்கு மேல் பருப்பு வகைகள், சந்து பொந்தில் கடுகு, சீரகக் கூம்புகள், எல்லாவற்றுக்கும் மேலே மிளகாய் வற்றலும் அப்பளமும். சோப்பு, ஊதுபத்தி, பூச்சி மருந்து மூன்றும் அந்தப் பைக்குள் போகவே போகாது, தனியாகக் கட்டிக் கையில் கொடுப்போம். உங்கள் உப்புமாவுக்கு வந்த வினை எங்கள் கடையால் வந்திருந்தால் முதலாளி எங்கள் தோலை உரித்திருப்பார். கடைசியில் சிட்டையில் இத்தனை சாமான், பையில் இத்தனை பொட்டலம் என்று சத்தமாக எண்ணிக் காட்டுவோம். எந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று மேலே எழுதுவதில்லை. வீட்டுப் பெண்கள் அமுக்கிப் பார்த்தே உளுந்தா பாசிப்பருப்பா என்று சொல்லிவிடுவார்கள்.

சும்மா வந்தவன்:

நம் ஊர் சூப்பர் மார்க்கெட் நிலவரம்: "வீட்டிலிருந்து பை கொண்டு வாருங்கள்" என்று வாசலில் போர்டு. பையோடு போனால் அதே வாசலில் அதை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிறார்கள். பில் போட்ட பிறகு பை வாசலில், சாமான் கவுண்டரில், நடுவில் நான்.

பீளமேடு அக்கா:

கீழமாசி ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு சுகம். ஆனால் தயவுசெய்து யாரும் உற்சாகத்தில் நியூஸ்பேப்பரில் கட்டத் தொடங்கிவிடாதீர்கள். அச்சு மையில் இருக்கிற சாயமும் ரசாயனமும் சாப்பாட்டில் ஏறும். எண்ணெய் வடியும் பஜ்ஜி, வடையில் ரொம்ப மோசம், காய்ந்த பருப்பில் குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம். பழைய பேப்பர் எங்கெங்கே கிடந்து, யார் யார் கைபட்டு வந்தது என்பது வேறு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016 டிசம்பரிலேயே இதை எச்சரித்தது. பிறகு பேக்கேஜிங்குக்கு என்று 2018இல் தனி விதிமுறையே போட்டு, நியூஸ்பேப்பரில் உணவுப்பொருளை வைப்பதோ சுற்றுவதோ கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2019 ஜூலை 1.

இதில் எனக்கு எப்போதும் சிரிப்பு வருகிற விஷயம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் கேரி பேக், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், உறிஞ்சுகுழல் என்று 14 வகைப் பொருட்களுக்குத் தடை வந்தது அதே 2019 ஜனவரி 1. கவர் கூடாது என்றதும் கடைக்காரர்கள் நல்ல பிள்ளையாகப் பழைய பேப்பருக்குத் திரும்பினார்கள், சரியாக ஆறே மாதத்தில் அதுவும் கூடாது என்றாகிவிட்டது. பிறகு எதில்தான் கட்டுவார்கள்?

மாம்பலத்தாருக்கு: ஸ்டேஷனரி கடையில் அச்சு எதுவும் இல்லாத பழுப்புத் தாள் கிடைக்கும், ஐயா சொன்ன முறையை அதில் செய்து பாருங்கள். அதிலும் நோட்டுக்கு அட்டை போடுகிற, உள்பக்கம் பளபளக்கிற தாள் வேண்டாம், மடிப்பு நிற்காது.

கீழமாசி வீதிக்காரன்:

அக்கா சொல்வது நியாயம். அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்குத் தெரியும். பேப்பரில் கட்டிய கருவாட்டை அதே பேப்பரோடு அடுப்பில் வாட்டித் தின்றவர்கள் நாங்கள்.

தாம்பரம் கடை:

நான் கடை வைத்திருப்பவன், 19 வருடமாக. என் பக்கத்தையும் கேளுங்கள், எல்லோரும் பொட்டலத்தை நினைத்து ஏங்குகிறீர்கள், கடையில் வந்து கவர் எங்கே என்று கேட்பதும் நீங்கள்தான்.

ஐயா காலத்துக் கடையில் சிட்டை படிக்க ஒருவர், நிறுக்க ஒருவர், கட்ட ஒருவர், அடுக்க ஒருவர். இன்றைக்கு என் கடையில் நானும் என் மனைவியும், சாயங்காலம் மட்டும் ஒரு பையன். ஒரு பொட்டலத்துக்கு ஒரு நிமிடம் என்றால் இருபது சாமானுக்கு இருபது நிமிடம், வாசலில் பைக்கை ஆஃப் செய்யாமலே நிற்கிறவர் அதுவரை நிற்பாரா? அதனால் மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் மூட்டையை அவிழ்த்து அரைக் கிலோ, ஒரு கிலோவாக நிறுத்து, கண்ணாடி மாதிரி தெரிகிற கவரில் போட்டு ஒட்டி வைத்துவிடுகிறோம். முன்பெல்லாம் கவர் வாயை ஆக்சா பிளேடில் மடித்துப் பிடித்து மெழுகுவர்த்தித் தீயில் ஒரு இழுப்பு இழுத்து ஒட்டுவோம், இப்போது கரண்டில் ஓடும் சீல் மெஷின். அதுவும் பிளாஸ்டிக்தானே என்றால் ஆமாம், பிளாஸ்டிக்தான். ஆனால் பருப்பில் வண்டு இருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்க முடிகிறது என்பதால் ஜனங்களுக்கு அது பிடித்திருக்கிறது. பேப்பர் பொட்டலத்தில் வீட்டுக்குப் போய்த்தான் தெரியும்.

அப்புறம் கவரின் கனத்தை அளக்கிற இந்த மைக்ரான் குழப்பம். மத்திய அரசு விதிப்படி கேரி பேக் 2016இல் 50 மைக்ரானுக்குக் குறையக் கூடாது, 2021 செப்டம்பர் கடைசியிலிருந்து 75, 2022 டிசம்பர் கடைசியிலிருந்து 120. வெளிமாநிலத்திலிருந்து சரக்கு கொண்டுவருகிற ஆள் "அண்ணாச்சி, இது 120, ஒன்றும் ஆகாது" என்று தலையில் கட்டப் பார்ப்பான். தமிழ்நாட்டில் கேரி பேக் எந்தக் கனமாக இருந்தாலும் தடைதான், மைக்ரான் கணக்கே இங்கே கிடையாது. இது புரியாமல் வாங்கி வைத்து அபராதம் கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.

துணிப் பை மாதிரி சொரசொரப்பாக, சிவப்பு, பச்சை என்று கலர் கலராக வருகிறதே நான்-ஓவன் பை, அது துணி என்று நம்பிக்கொண்டு நானே இரண்டு வருடம் கொடுத்தேன். அது பாலிபுரொப்பலீன், அதுவும் அந்த 14இல் உண்டு. ஒரு ஓரத்தைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் கரிந்து சாம்பலாகும், இது உருகி உருண்டையாகச் சுருளும்.

மஞ்சப்பை வாங்கி வைத்தேன். 2021 டிசம்பரில் முதலமைச்சர் "மீண்டும் மஞ்சப்பை" என்று தொடங்கிவைத்த பிறகு கோயம்பேட்டில் பத்து ரூபாய் போட்டால் பை வருகிற மெஷினெல்லாம் வைத்தார்கள் இல்லையா, அந்த வேகத்தில் நானும் நூறு பை எடுத்தேன். பத்து ரூபாய்க்கு வாங்குகிறவர்கள் அடுத்த வாரம் மறுபடியும் கை வீசிக்கொண்டு வந்து இன்னொன்று கேட்கிறார்கள். ஒருவர் வீட்டில் என் கடைப் பை முப்பதாவது இருக்கும். ஓசியில் கவர் கொடுத்தபோதாவது அது குப்பைக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மாம்பலத்தான்:

தாம்பரம் அண்ணாச்சி, முப்பதாவது பைக்காரர் நான் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. எங்கள் வீட்டுப் பரண்மேல் கல்யாணத் தாம்பூலப் பை மட்டுமே ஒரு சாக்கு நிறைய இருக்கிறது. கடைக்குப் போகும்போது ஒன்றுகூட ஞாபகம் வராது.

பீளமேடு அக்கா:

வண்டி சீட்டுக்கு அடியில் இரண்டு மடித்து வையுங்கள், பிரச்சினை தீர்ந்தது. என் மாமியார் ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு காய் வாங்கப் போகும்போது நாங்கள் எல்லோரும் கேலி செய்தோம். அந்தக் கூடைக்கு இப்போது இருபத்தெட்டு வயது.

சும்மா வந்தவருக்கு ஒன்று. வீட்டுப் பையை உள்ளே விடாமல் வைத்துக்கொண்டு, பில் போடும்போது "பை வேண்டுமா, பத்து ரூபாய்" என்றால் சண்டை போடலாம். பைக்குக் காசு என்பதை முன்கூட்டியே தெரிகிற மாதிரி சொல்லாமல், சாமானெல்லாம் எடுத்து முடித்த பிறகு கவுண்டரில் சொல்வது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. வாசலிலேயே விலையோடு எழுதி வைத்திருந்தால் இந்தச் சண்டை எடுபடாது.

சும்மா வந்தவன்:

எங்கள் கடையில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள் அக்கா. டோக்கன் கொடுக்கிற மேஜைக்குப் பின்னால்.

ஃப்ரீமான்ட் வாசி:

கலிஃபோர்னியாவில் 20 வருடமாக இருக்கிறேன். இங்கே பில் கவுண்டரின் மறுமுனையில் நின்று சாமானைப் பையில் போடுவதற்கு என்றே ஆள் இருப்பார், பெரும்பாலும் ஸ்கூல் பையன்கள். நான் வந்த புதிதில் பேப்பர் பையா பிளாஸ்டிக் பையா என்று கேட்பார்கள், எது சொன்னாலும் ஓசி. ஐயா சொன்ன சாஸ்திரம் இங்கேயும் அப்படியே இருக்கிறது: டப்பா, பாட்டில் அடியில், பெட்டிகளை ஓரத்தில் சுவர் மாதிரி நிறுத்துவது, குளிர்ந்ததெல்லாம் ஒன்றாக, ரொட்டியும் முட்டையும் உச்சியில், சோப்பு வகை தனிப் பை. இதற்கு நாடு முழுக்க ஆள் திரட்டிப் போட்டியே நடத்துகிறார்கள், வேகத்துக்கு மார்க், அடுக்கின விதத்துக்கு மார்க், பைகளின் எடை சமமாக இருக்கிறதா என்று அதற்கும் மார்க். கீழமாசி ஐயா வந்திருந்தால் கப்போடு போயிருப்பார்.

ஆனால் நம் ஊர் கூத்து இங்கேயும் நடந்தது. மெல்லிய கவரைத் தடை செய்து 2014இல் சட்டம் போட்டு, அது வேண்டுமா வேண்டாமா என்று 2016இல் ஜனங்களிடமே ஓட்டுக் கேட்டு, தடை ஜெயித்தது. பைக்குக் குறைந்தது 10 சென்ட் என்று வந்தது. கடைகள் என்ன செய்தன? "இது பலமுறை பயன்படும்" என்று சொல்லி முன்பைவிடக் கனமான பிளாஸ்டிக் பையைப் பத்து சென்டுக்கு விற்றன. அதையும் ஒரே முறைதான் எல்லோரும் பயன்படுத்தினோம், கனம் மட்டும் கூடியது. கடைசியில் 2024இல் மறுபடி ஒரு சட்டம் போட்டு 2026 ஜனவரி 1 முதல் கவுண்டரில் அந்தப் பிளாஸ்டிக் பையும் கிடையாது, பேப்பர் பை மட்டும்தான் என்று ஆக்கிவிட்டார்கள். இந்தியக் கடைகளில் பத்துக் கிலோ அரிசி வாங்கும்போது மட்டும் பிரச்சினை இல்லை, அது வருவதே பிடி வைத்த பையில்தான். என் வீட்டுக் காய்கறிப் பை எல்லாம் பழைய பாஸ்மதி பைதான்.

நல்லூர் பக்கம்:

நீங்கள் கூம்பு என்பதை நாங்கள் சரை என்போம். கச்சான் (உங்கள் வேர்க்கடலை) சரை, சீனிச் சரை. யாழ்ப்பாணத்தில் 90களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பேப்பருக்குத் தட்டுப்பாடு வந்து, பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தது. அளவும் சின்னது. அதில் சரை சுற்றினால் ஒரு பிடி கச்சானுக்கு மேல் கொள்ளாது, கடைக்காரர் அதைச் சாட்டாக வைத்தே குறைத்துப் போடுவார் என்று அம்மம்மா ஏசுவா. மீன் வாங்க உமல். பனை ஓலையில் பின்னினது, தண்ணி வடிந்து போகும். பிறகு சொப்பிங் பை வந்தது, உமல் போயிற்று. 2017 செப்டம்பரில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனுக்குத் தடை என்றார்கள். சந்தையில் மீன் இப்பவும் பொலித்தீனில்தான் வருகுது.

மாம்பலத்தான்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பழுப்புத் தாள் வாங்கி வந்து மறுபடி முயன்றேன். வீட்டில் தராசு இல்லாததால் அகலமான தாம்பாளத்தில் தாளை விரித்தேன். ஒரு பக்க வாயை மடக்கி, தட்டி நிறுத்தி, அப்புறம் மறுபக்கம்: அந்த ஒரு விஷயம்தான் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. மூன்றாவது தடவை நின்றுவிட்டது. மொட்டை மாடிக்குப் படியேறி இறங்கிப் பார்த்தேன், ஒரு பருப்பு கொட்டவில்லை. நூலை வெடுக்கென்று அறுப்பது மட்டும் நடக்கவில்லை. பொட்டலம் அவிழ்ந்து வருகிறது, இல்லையென்றால் விரல் அறுபடுகிறது. கடைசியில் கத்தரியால்தான் வெட்டினேன்.

கீழமாசி வீதிக்காரன்:

என்ன நூல் தம்பி வாங்கினீர்கள்? பட்டம் விடுகிற நூலோ நைலானோ என்றால் உங்கள் விரல்தான் போகும், அது அறாது. பருத்தி ட்வைன் நூல் என்று கேட்டு வாங்குங்கள், மெல்லிசாக. முடிச்சை இடது கைக் கட்டைவிரலால் பொட்டலத்தோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, வளையத்தை அதற்கு ஒரு அங்குலம் தள்ளிப் போட்டு இழுங்கள். இழுப்பது மேலே இல்லை, பக்கவாட்டில்.